படகு டிரெய்லருக்கு ஆக்சில் மாற்றுதல்: ஏரா இடிக்காமல் இருக்க ஒரு கணக்கு

டெக்சாஸின் கால்வெஸ்டன் விரிகுடாவின் உப்புத் தண்ணீரில் ஏழு ஆண்டுகள் இறங்கி ஏறிய என் டிரெய்லரின் ஆக்சிலை, அதாவது இரு சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குக் குழாயை, சுத்தியலால் தட்டினேன். மணியோசை வரவில்லை. அரிசி மூட்டையைத் தட்டினால் வருமே, அப்படி ஒரு மந்தமான சத்தம். குழாயின் உட்புறம் துரு உதிர்ந்து குவிந்திருக்கிறது என்று அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் என்னை அதிகம் உறுத்தியது அதுவன்று. படகின் அடியில், அச்சுக்குழாய்க்கு நேர் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பூச்சு தேய்ந்து கண்ணாடியிழை தெரிந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் இரும்பு மேலெழும்பி ஏராவைக் குத்தியிருக்கிறது.

ஏரா என்பது படகின் அடியில் அணியத்திலிருந்து (முன்முனையிலிருந்து) பின்புறம்வரை நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு. வி வடிவ அடியுள்ள படகை டிரெய்லரில் ஏற்றினால், இரு பக்கமும் தாங்கு பலகைகள் சுமக்க, நடுவில் ஏரா கீழே தொங்கும். அதற்குக் கீழே குறுக்காக ஆக்சில். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடம்தான் இந்தக் கட்டுரையின் பாதி. பழைய ஆக்சிலைப் போலவே புதியதை வாங்கிப் பூட்டினால், பழைய காயமும் சேர்ந்தே திரும்பி வரும்.

என்னுடையது 18 அடிக் கண்ணாடியிழைப் படகு. ஒற்றை ஆக்சில், எஃகுப் பட்டைகளை அடுக்கிய பட்டை ஸ்பிரிங் வைத்த டிரெய்லர். அந்த வகைக்கே இங்கே எழுதுகிறேன். ரப்பர் முறுக்கு ஆக்சில் வைத்திருப்பவர்களுக்கு அளக்கும் முறை பொருந்தும். ஆனால் உயரத்தை மாற்ற ஸ்பிரிங்கை இடம் மாற்ற முடியாது. சக்கரத்தைத் தாங்கும் ஆக்சிலின் கை எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று பார்த்து, அந்தக் கோணத்திலேயே ஆர்டர் செய்ய வேண்டும்.

ஆக்சில்தான் கெட்டதா?

ஸ்பிரிங் உட்காரும் இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். துரு முதலில் தின்னும் இடம் அதுதான். ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தினால் செதில் செதிலாக வந்தால் பேச்சே வேண்டாம், மாற்றிவிடலாம். ஒரு டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் குழாய் வளைந்திருக்கக்கூடும். சக்கரம் மாட்டும் தண்டில் சீல் (தண்ணீர் புகாமல் அடைக்கும் வளையம்) உரசும் இடத்தில் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், எத்தனை புது சீல் போட்டாலும் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும்.

இடைவெளிக் கணக்கு

பழையதைக் கழற்றும் முன், படகை ஏற்றி, பெட்ரோலும் நங்கூரமும் மற்ற சாமான்களும் வழக்கம்போல் வைத்து, சமதளத்தில் நிறுத்தி, நான்கு அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். படகு இல்லாத டிரெய்லரில் அளப்பது வீண்வேலை.

முதலாவது, ஏராவின் அடியிலிருந்து அச்சுக்குழாயின் மேற்பரப்பு வரை. இதை ஏரா இடைவெளி என்போம். இரண்டாவது, ஸ்பிரிங் முழுதாக அமுங்கினால் டிரெய்லர் சட்டத்தில் முதலில் முட்டப்போகும் பாகத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரம். இது முட்டு இடைவெளி. மூன்றாவது, டயரின் உச்சியிலிருந்து மட்கார்டின் உட்புறம் வரை. நான்காவது, அச்சுக்குழாயின் அடியிலிருந்து தரை வரை.

எத்தனை அங்குலம் போதும் என்று பலரும் கேட்கிறார்கள். தனி ஓர் எண்ணில் விடை இல்லை. ஏரா இடைவெளி முட்டு இடைவெளியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படி இருந்தால் எவ்வளவு மோசமான பள்ளத்திலும் இரும்பு இரும்போடு முட்டி நின்றுவிடும், படகைத் தொடாது. சிறியதாக இருந்தால் படகின் ஏராவே முட்டுக்கட்டையாக வேலை செய்யும். எடை கூடினால் இரண்டு இடைவெளியும் ஒரே அளவு குறையும். ஆகவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் மாறாது. அந்த வித்தியாசம் குறைந்தது ஓர் அங்குலமாவது இருக்கட்டும். தாங்கு பலகைகள் குலுங்கும்போது வளையும், படகும் கொஞ்சம் துள்ளும்.

என் அளவுகள்: ஏரா இடைவெளி 1¾ அங்குலம். முட்டு இடைவெளி 2½ அங்குலம். முக்கால் அங்குலம் கடன். அந்தக் கடனைத்தான் வேகத்தடைகள் ஏராவிடம் வசூலித்திருக்கின்றன. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்து எழுந்தால் குழாயின் நடுப்பகுதி ஏறக்குறைய பாதி உயரம்தான் எழும்பும். இரு சக்கரமும் சேர்ந்து ஏறும் வேகத்தடைதான் கொடியது.

இங்கே நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். 'டிராப் ஆக்சில்' என்று ஒன்று உண்டு. சக்கரத் தண்டுகள் மேலேயும் நடுக்குழாய் நான்கு அங்குலம் கீழேயும் இருக்கும்படி இரு முனைகளிலும் மடித்திருப்பார்கள். குழாய் நான்கு அங்குலம் இறங்கினால் ஏராவுக்கு நான்கு அங்குலம் இடம் கிடைக்கும் என்று நினைத்து, மற்ற அளவுகளைப் பழையபடியே கொடுத்து ஒன்றை வரவழைத்துவிட்டேன். பெட்டியைப் பிரித்து, வீட்டு வாசல் கான்கிரீட்டில் சுண்ணக்கட்டியால் படம் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஸ்பிரிங் குழாயோடு கட்டப்பட்டிருக்கிறது. சட்டம் ஸ்பிரிங்கின் மேல் நிற்கிறது. படகு சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. குழாய் இறங்கினால் எல்லாமே சேர்ந்து இறங்கும். ஏரா இடைவெளி அதே 1¾ அங்குலம்தான். டிரெய்லர் மட்டும் குட்டையாகிவிடும். திருப்பி அனுப்பிய கூலி என் கையிலிருந்துதான் போனது. பெரிய டயர் போடுவதும் இதே கதைதான்: தரையிலிருந்து எல்லாம் உயரும், ஏராவுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு நூலளவுகூட மாறாது.

அந்த இடைவெளியை உண்மையில் மாற்றக்கூடியவை சில உண்டு. தாங்கு பலகைகளை உயரமான தாங்கிகளில் ஏற்றலாம். மலிவான வழி, ஆனால் படகின் எடை மேலே போகும், இறங்குதுறையில் டிரெய்லரை இன்னும் ஆழமாக இறக்க வேண்டிவரும், படகை இழுத்தேற்றும் வின்ச்சின் கம்பத்தையும் அணியம் முட்டும் உருளையையும் சேர்த்து உயர்த்த வேண்டும். ஏராவுக்கு வழிவிடுவதற்கென்றே நடுவில் கீழ்நோக்கி வளைத்த ஆக்சில்களும் கிடைக்கின்றன. மூன்றாவது வழி, ஸ்பிரிங்குக்கும் குழாய்க்கும் உள்ள உறவையே மாற்றுவது. நான் தேர்ந்தெடுத்தது அதுதான்.

என் பழைய டிரெய்லரில் குழாய் ஸ்பிரிங்கின் மேல் இருந்தது. டிரெய்லரைத் தாழ்வாக வைப்பதற்காகப் படகு டிரெய்லர்களில் இப்படிச் செய்வது வழக்கம். குழாயை ஸ்பிரிங்கின் அடிக்குக் கொண்டுபோனால், குழாயின் தடிமனும் ஸ்பிரிங் அடுக்கின் தடிமனும் சேர்ந்த அளவுக்குச் சட்டம் உயரும். என் குழாய் 2⅜ அங்குலம், ஸ்பிரிங் அடுக்கு 1½ அங்குலம்; மொத்தம் 3⅞. இத்தோடு நான்கு அங்குல டிராப் ஆக்சிலைச் சேர்த்தால் என்ன ஆகும்? சட்டம் 3⅞ ஏறி 4 இறங்குகிறது. தரையிலிருந்து படகின் உயரம் கிட்டத்தட்ட மாறவே இல்லை. ஆனால் குழாய் ஏராவிடமிருந்து 3⅞ அங்குலம் விலகிவிட்டது. ஏரா இடைவெளி 1¾ இருந்த இடத்தில் 5⅝. நான் திருப்பி அனுப்பிய அதே வகை ஆக்சில்தான். ஸ்பிரிங் உட்காரும் தட்டு மட்டும் குழாயின் மேல்பக்கத்தில் பற்றவைத்து வர வேண்டும்.

ஒன்று கிடைத்தால் ஒன்று போகும். குழாய் இனி ஸ்பிரிங்குக்கும் சட்டத்துக்கும் நடுவே இல்லை என்பதால் ஸ்பிரிங் அமுங்க அதிக இடம் கிடைத்துவிட்டது: ஸ்பிரிங்கையும் குழாயையும் சேர்த்துக் கட்டும் யூ வடிவ போல்ட்டுகளின் (யூ போல்ட்) நட்டுத் தலையைக் கழித்தும் முட்டு இடைவெளி 3¾ அங்குலம். வித்தியாசம் இப்போது 1⅞, நல்லதுதான். ஆனால் மட்கார்டு டயருக்கு 3½ அங்குலம் மேலேதான் இருந்தது. இனி சட்டம் முட்டும் முன்பே டயர் மட்கார்டை உரசும். மட்கார்டைப் பிடித்திருக்கும் தாங்கிகளின் அடியில் ஓர் அங்குல உயரத்துக்கு இரும்புத் துண்டு வைத்து அதை உயர்த்தினேன். அதற்கும் படகின் பக்கத்துக்கும் நடுவே இரண்டு அங்குலம் மிச்சம் இருந்ததால் பிழைத்தேன். தரையிலிருந்து குழாயின் அடி 7¼ அங்குலம். என் வீதிக்கும் இறங்குதுறைக்கும் அது போதும். கரடுமுரடான மண்பாதையில் இழுப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

ஆர்டர் கொடுக்கும் முன்

பழைய ஆக்சிலைத் தலைகீழாகத் திருப்பிக் கட்டினால் என்ன என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். பெரும்பாலான ஆக்சில்கள் நடுவில் மேல்நோக்கி மெல்ல வளைந்திருக்கும். சுமை ஏறியதும் நிமிர்ந்து டயர்கள் நேராக நிற்கும். திருப்பிப் போட்டால் டயர்களின் மேற்பகுதி உள்ளே சாய்ந்து, உள்விளிம்பு தேயும்.

இரண்டு அகலங்கள் முக்கியம். ஒன்று, ஒரு ஹப்பில் (தண்டின் மேல் சுழலும், சக்கரத்தைத் தாங்கும் குடத்தில்) சக்கரம் ஒட்டும் முகத்திலிருந்து மறு ஹப்பின் முகம் வரை. மற்றொன்று, ஸ்பிரிங்குகளின் நடுவிலிருந்து நடு வரை. இரண்டாவதை ஆக்சிலில் அளக்காமல் சட்டத்தில், ஸ்பிரிங்கின் முனைகளைப் பிடித்திருக்கும் ஹேங்கர்களின் நடுவில் அளப்பது நல்லது. பழைய ஆக்சில் ஏற்கெனவே நகர்ந்திருக்கலாம். டிராப் ஆக்சிலின் மடிப்பு ஸ்பிரிங் தட்டுக்கு வெளியே விழ வேண்டும், டயரின் உட்பக்கத்தைத் தொடவும் கூடாது. இந்தக் கேள்வியை விற்பவரிடம் வாய்விட்டே கேளுங்கள். அகலமாக வாங்க ஆசைப்பட்டால், அமெரிக்காவின் பெருஞ்சாலைகளில் அனுமதிக்கப்பட்ட அகலம் 102 அங்குலம் என்பது நினைவிருக்கட்டும்.

ஐந்து போல்ட் ஹப்பில் எதிரெதிர் போல்ட் கிடையாது என்பதால் வட்டத்தின் விட்டத்தை நேரடியாக அளக்க முடியாது. ஒன்றைத் தாண்டி அடுத்ததற்கு, நடுவிலிருந்து நடு அளந்து 4¼ அங்குலத்துக்கு ஒரு மயிரிழை அதிகமாக வந்தால் அது 4½ அங்குல வட்டம். சிறு டிரெய்லர்களில் அதிகம் காண்பது இதுவே.

எடையை ஊகிக்காதீர்கள். லாரிகள் நிற்கும் இடங்களில் உள்ள எடை மேடையில் சிறு கட்டணத்துக்கு நிறுத்திப் பார்க்கலாம். படகும் டிரெய்லரும் சேர்த்து என்னுடையது 3,360 பவுண்டு. 3,500 பவுண்டு ஆக்சில் வாங்கினேன். ஸ்பிரிங் இரண்டும் சேர்ந்து அந்தச் சுமையைத் தாங்க வேண்டும், டயர்களும் அப்படியே: எஸ்டி 205/75 ஆர் 14 அளவில், சி சுமைவரம்பு டயர் ஒன்று, சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு காற்றில் 1,760 பவுண்டு தாங்கும், இரண்டுக்கு 3,520. ஆக்சிலை மட்டும் 5,000 பவுண்டுக்கு வாங்கிவிட்டதால் டிரெய்லரின் வலிமை கூடிவிடாது. சட்டத்தில் அறைந்திருக்கும் தகட்டின் எண்தான் எல்லை.

பிரேக் பற்றியும் இப்போதே முடிவெடுங்கள். டெக்சாஸில் மொத்த எடை 4,500 பவுண்டைத் தாண்டினால் கட்டாயம். பல மாநிலங்களில் 3,000 பவுண்டிலேயே தொடங்கிவிடுகிறது. இன்று போடாவிட்டாலும் பிரேக் தகடு பொருத்தும் வளையம் பற்றவைத்த ஆக்சிலை வாங்கினால் நாளைக்கு உதவும். உப்புத் தண்ணீர் என்றால் துத்தநாகம் பூசியதையே வாங்குங்கள். ஸ்பிரிங் தட்டை நாமே பற்றவைத்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள்: பூச்சும் போய்விடும், சூடான துத்தநாகத்தின் புகையை மூச்சில் இழுத்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும்.

கழற்றுதல்

படகை இறக்கிவிட்டுச் செய்வது உத்தமம். கரையோரத்தில் வீடுள்ள நண்பரிடம் இரண்டு நாள் என் படகை விட்டுவைத்தேன். இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். துருப்பிடித்த யூ போல்ட்டுகள் ஸ்பானருக்கு அசையாது. கிரைண்டரால் அறுக்க நேரும். தீப்பொறி பறக்கும் இடத்துக்கு மேலே பெட்ரோல் தொட்டி இருக்கக் கூடாது. படகு மேலேயே இருந்தாக வேண்டும் என்றால் கிரைண்டரைத் தொடாதீர்கள். துருநீக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, நீண்ட பிடியுள்ள ஸ்பானரோடு போராடுங்கள்.

டிரெய்லரை வண்டியோடு பூட்டி, வண்டியின் கைபிரேக்கை இழுத்துவிடுங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்துங்கள். ஜாக்கியைச் சட்டத்தின் அடியில் வைத்துத் தூக்கி, ஆக்சிலுக்கு முன்னும் பின்னுமாக நான்கு இடத்தில் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவர்களிடம் எனக்குப் பேச எதுவும் இல்லை. ஸ்டாண்டு வைத்த பிறகு சட்டத்தைத் தோளால் பலமாக இடித்துப் பாருங்கள். அசைந்தால் மறுபடி தொடக்கத்திலிருந்து.

யூ போல்ட்டைக் கழற்றும் முன், ஆக்சிலின் நடுக்கோட்டுக்கு நேரே சட்டத்தின் இரு பக்கமும் தூக்குக்குண்டு தொங்கவிட்டு அடையாளம் கீறி வையுங்கள். பிறகு எந்த இடத்தில் இருந்தது என்று சண்டை வராது. ஸ்பிரிங்குகள் பழையவை என்றால் அவற்றையும் ஹேங்கர் போல்ட்டுகளையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். யூ போல்ட்டை மட்டும் ஒருபோதும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். ஒரு முறை இறுக்கி நீண்ட இழை மறுமுறை பிடிக்காது.

பொருத்துதல்

ஸ்பிரிங்கைச் சட்டத்தில் மாட்டிவிட்டு, ஆக்சிலை ஜாக்கியில் ஏற்றி மெல்ல உயர்த்துங்கள். ஸ்பிரிங் அடுக்கைப் பிடித்திருக்கும் சென்டர் போல்ட்டின் தலை, ஆக்சில் தட்டின் துளையில் உட்கார வேண்டும். ஆக்சிலை ஸ்பிரிங்கின் அடிக்கு மாற்றும்போது பலர் தடுமாறுவது இங்கேதான்: போல்ட் தலை பழைய பக்கத்திலேயே இருக்கும். ஸ்பிரிங் அடுக்கைப் பிடிகருவியில் நெருக்கி, சென்டர் போல்ட்டைப் புதிதாக, தலை கீழே வரும்படி போட வேண்டும். தலை உட்காராமல் யூ போல்ட்டின் பிடியை மட்டும் நம்பினால் முதல் அழுத்தமான பிரேக்கிலேயே ஆக்சில் ஒரு பக்கம் பின்வாங்கும்.

யூ போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கிவிட்டு, ஆக்சில் கோணாமல் நேர்குறுக்காக நிற்கிறதா என்று பாருங்கள். டிரெய்லரின் முன்முனையில் பந்து உட்காரும் குழியின் நடுவிலிருந்து இரு ஹப்புகளின் நடுப்புள்ளிக்கும் நாடா பிடித்து அளந்தால் இரண்டும் சமமாக வர வேண்டும். எட்டில் ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. நாடா தொய்யாமல் பிடிக்க மறுமுனையில் ஓர் ஆள் தேவை. சரியானதும் நான்கு நட்டுகளையும் குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, தயாரிப்பாளர் தந்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானரால்) இறுக்குங்கள். ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஆடும் இணைப்பான ஷாக்கிளின் போல்ட்டுகளை அப்படி இறுக்கக் கூடாது. ஸ்பிரிங் நீளும்போது அவை ஆட வேண்டும்.

பிரேக் குழாய் இருந்தால் அதை அச்சுக்குழாயின் பின்பக்கத்தில் கட்டுங்கள். மேல்பக்கத்தில் ஓட்டினால் கணக்குப் போட்டுச் சம்பாதித்த இடைவெளியில் அரை அங்குலம் அதற்கே போகும். மொத்த ஆக்சிலும் பழைய இடத்திலிருந்து பின்னே நகர்ந்தால் வண்டியின் கொக்கியில் விழும் எடை கூடும், முன்னே நகர்ந்தால் குறையும். மொத்த எடையில் சுமார் 10 விழுக்காடு கொக்கியில் விழ வேண்டும் என்பது என் கணக்கு.

ஹப்

3,500 பவுண்டு ஆக்சிலில் பெரும்பாலும் உள்ளே எல் 68149, வெளியே எல் 44649 பேரிங் வரும். கிரீஸ் அடைத்தே அனுப்பியிருந்தாலும் ஒருமுறை திறந்து பாருங்கள். எனக்கு வந்ததில் ஒரு பக்கம் கிரீஸ் நெல்லிக்காய் அளவுதான் இருந்தது. படகுக்கான கிரீஸையே போடுங்கள், இரண்டு வகைகளைக் கலக்காதீர்கள். ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை 50 அடி-பவுண்டு வரை இறுக்கினால் பேரிங் நன்றாக உட்காரும். பிறகு ஹப்பைச் சுற்றாமல் நட்டை முழுதாகத் தளர்த்தி, விரலால் மட்டும் முடுக்கி, நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் போடுங்கள். துளை நேராக வராவிட்டால் நட்டைப் பின்னோக்கித்தான் திருப்ப வேண்டும்.

சக்கர நட்டுகள் அரை அங்குலம் என்றால் 90 முதல் 120 அடி-பவுண்டு, நட்சத்திர வரிசையில். 10, 25, 50 மைல்களில் நிறுத்தி மறுபடி இறுக்கிப் பாருங்கள். யூ போல்ட்டுகளையும் 50 மைலில் பார்த்துவிடுங்கள். புதுப் பூச்சு நசுங்கி இடம் கொடுத்திருக்கும். துறைக்கு வந்ததும் உடனே தண்ணீரில் இறக்காதீர்கள். நெடுஞ்சாலையில் சூடான ஹப் திடீரெனக் குளிர்ந்தால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீலின் வழியே தண்ணீரை உறிஞ்சும். ஹப் தொடும் சூட்டுக்கு ஆறும்வரை கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருக்கலாம்.

களிமண் சோதனை

நாடாவின் கணக்கு நின்றிருக்கும் டிரெய்லருக்கானது. ஓடும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க, படகை ஏற்றிய பின் மகளின் கைவினைப் பெட்டியிலிருந்து விளையாட்டுக் களிமண்ணை எடுத்து, 5½ அங்குல உயரத்துக்குத் தடித்த தூணாக உருட்டி, ஏராவுக்கு நேர் கீழே அச்சுக்குழாயின் மேல் ஒட்டினேன். அதிகாலையில் செய்யுங்கள்; ஹூஸ்டன் வெயிலில் களிமண் தானாகவே குனிந்துவிடும். வழக்கமான வேகத்தில் குடியிருப்பின் மூன்று வேகத்தடைகளையும், பாலத்தின் இணைப்பில் உள்ள அந்தப் பாழாய்ப்போன தூக்கலையும் தாண்டி வீட்டுக்கு வந்தேன்.

தூணின் தலை தட்டையாகியிருந்தது. உயரம் 3⅛ அங்குலம். ஆக்சில் இரண்டரை அங்குலம் எழும்பியிருக்கிறது. பழைய ஏற்பாடாக இருந்திருந்தால் படகை முக்கால் அங்குலம் குத்தியிருக்கும். மட்கார்டின் உட்புறத்தில் சுண்ணக்கட்டியால் பூசிவைத்திருந்த கோடு அழியாமல் இருந்தது. தேய்ந்த இடத்தில் புதுப் பூச்சு பூச அந்த வாரக்கடைசியிலேயே ஆரம்பித்தேன்.